தோப்புக்குப் போங்கள், படுத்துக்கொள்ள வேண்டாம்

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஏழு வாரத்துக்கு முன்னால் வீட்டுக்காரரோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, வெள்ளைக்கோடு இல்லாத ஸ்பீடு பிரேக்கரில் வண்டி தூக்கிப்போட்டு, பின்மண்டை தரையில் மோத விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. மயக்கம் போடவில்லை என்கிறார்கள், ஆனால் விழுந்ததும் ஆட்டோவில் ஏற்றியதும் எனக்கு ஞாபகமில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் ஜன்னலைச் சாத்தி இருட்டிலேயே படுத்திருந்தேன். ஐந்தாவது வாரம் வேலைக்குப் போனேன். பதினோரு மணிக்குள் தலை கனத்து, கம்ப்யூட்டரில் எண்கள் மிதக்கிற மாதிரி ஆகி, திரும்பி வந்துவிட்டேன். குக்கர் விசில், மிக்ஸி, டிவி எதையும் தாங்க முடியவில்லை. குழந்தைமேல் எரிந்து விழுகிறேன். ஆனைமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கும் அண்ணன், "ஒரு மாசம் இங்க வந்து இரு, தென்னங்காத்துல எல்லாம் சரியாப் போயிரும்" என்கிறார். மாமியார், "ஓய்வெடுக்க வீடு இல்லையா, தோட்டம் சுத்துனா தலைக்காயம் ஆறுமா" என்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லாதபோது இவளுக்கு என்ன என்று வீட்டுக்காரர் நினைப்பது, அவர் சொல்லாமலே தெரிகிறது. மரம் செடி பார்த்தால் மூளை சரியாகும் என்பது உண்மையா? நான் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதை முதலில் பேசிவிடுவோம். உங்கள் அண்ணன் ஓய்வெடுக்கக் கூப்பிடுகிறார். மாமியார் அந்த ஓய்வை வீட்டிலேயே எடுக்கலாமே என்கிறார். இரண்டு பேரும் ஓய்வைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உங்களுக்கு ஓய்வு வேண்டியிருந்த கட்டம் விழுந்த முதல் இரண்டு நாளோடு முடிந்துவிட்டது. இப்போது உங்கள் மூளைக்கு வேண்டியது வேலை. கொஞ்சமாக, அளந்து, அது தாங்குகிற இடத்தில் கொடுக்கப்படும் வேலை. அதற்குத் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் உங்களுக்கு அமையாது என்பதால்தான் போகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தலைவலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் ஒரு பக்கம் வலுவிழப்பது, பேச்சு குழறுவது, ஆளை எழுப்ப முடியாத தூக்கம், குழப்பமான பேச்சு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது. இதில் ஒன்று வந்தாலும் தோட்டமும் வேண்டாம், என் பதிலும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து வாரக்கணக்கில் கழித்து வெளிப்படுவது உண்டு. வயதானவர்களிடமும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் இது அதிகம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, அதனால்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

இனி அந்த "ஒன்றுமில்லை." அந்த ஒரு சொல் உங்களை இந்த ஏழு வாரமும் எவ்வளவு தனியாக விட்டிருக்கிறது என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. சி.டி. ஸ்கேன் மண்டை ஓட்டில் விரிசலையும் உள்ளே ரத்தக்கசிவையும் வீக்கத்தையும் காட்டும். உயிருக்கு ஆபத்தானவை அவைதான், அவை இல்லை என்பது பெரிய நிம்மதி. உங்களுக்கு வந்திருப்பது மூளையதிர்ச்சி, அது வேறு வகை. அடி விழுந்த வேகத்தில் மூளை குலுங்கி, நரம்பு செல்களின் சவ்வு இழுபடுகிறது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே வருகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர செல்லுக்கு ஏகப்பட்ட சக்தி தேவை. அந்த நேரம் பார்த்து மூளைக்கான ரத்த ஓட்டமும் குறைகிறது. அமெரிக்காவில் கிறிஸ்டோபர் கிசா, டேவிட் ஹோவ்டா என்ற இருவர் 2001-இல் இந்த நிகழ்வுத் தொடரை விளக்கி எழுதிய பிறகுதான், மூளையதிர்ச்சியை ஒரு சக்திப் பற்றாக்குறையாகப் பார்க்கும் பழக்கம் எங்கள் மருத்துவத் துறையில் பரவியது.

வீட்டில் லோ வோல்டேஜ் வரும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் ஒயர் எங்கும் அறுந்திருக்காது. ஆனால் ஃபேன் ஆடி அசைந்து சுற்றும், மிக்ஸி ஓடவே ஓடாது. ஸ்கேன் படம் பிடிப்பது ஒயரை. வோல்டேஜ் அதில் தெரியாது. இந்தப் பத்தியை உங்கள் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுங்கள். நீங்கள் விழுந்ததையும் ஆட்டோவில் ஏற்றியதையும் மறந்துபோனதே மூளை அடிவாங்கியதற்கு நேரடி அடையாளம். மயக்கம் போட்டால்தான் மூளையதிர்ச்சி என்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வருவதில்லை.

அந்த வோல்டேஜ் குறைவு சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏழு வாரம் கழித்தும் தலை கனக்கிறதென்றால் அதற்குப் பல காரணங்கள் உண்டு. விழும்போது வெட்டி இழுத்த கழுத்துத் தசை, உள்காதின் சமநிலை உறுப்பு, பக்கத்திலுள்ளதைப் பார்க்க இரண்டு கண்ணும் சேர்ந்து உள்நோக்கித் திரும்பும் திறன், கெட்டுப்போன தூக்கம், எழுந்து நடந்தால் இதயத்துடிப்பும் ரத்த ஓட்டமும் ஒழுங்காக ஈடுகொடுக்காதது. எல்லாவற்றுக்கும் மேலே, திரும்பவும் வலித்துவிடுமோ என்ற பயம். எண்கள் மிதக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்து, கண்கள் சேர்ந்து வேலை செய்வதைச் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூளையதிர்ச்சிக்குப் பின் மிகச் சாதாரணமாக வருவது அது, பயிற்சியில் தேறக்கூடியதும்தான்.

இதில் அந்த மூன்று வார இருட்டு எந்த வகையிலும் உதவவில்லை. இது உங்கள் தவறில்லை. எங்கள் தலைமுறை மருத்துவர்கள் பலர், நானும் சேர்த்துத்தான், பல வருடம் இப்படித்தான் சொல்லியனுப்பினோம்: இருட்டறை, டிவி கூடாது, நடக்கக் கூடாது. 2015-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் மூளையதிர்ச்சி வந்த, 11 முதல் 22 வயதுள்ள 88 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அப்புறம் படிப்படியாக வழக்கமான வேலைகள். அதிகம் ஓய்வெடுத்தவர்கள்தான் அதிக நாள், அதிக உபாதைகளைச் சொன்னார்கள். 2019-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், வளரிளம் பருவத்தினர் 103 பேரில் ஒரு பகுதியினர் அறிகுறி கிளம்பாத அளவுக்கு மட்டும் தினமும் 20 நிமிடம் மூச்சு வாங்கவைக்கும் உடற்பயிற்சி செய்தார்கள். அவர்கள் சுமார் 13 நாளில் தேறினார்கள். வெறுமே கைகால் நீட்டி மடக்கியவர்களுக்கு 17 நாள் ஆனது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்களும் இதையே பரிந்துரைத்தார்கள்: 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, அதற்கப்புறம் எழுந்து நடமாட வேண்டும். இருட்டிலேயே இருந்தால் கண் வெளிச்சத்துக்குக் கூசுவது இன்னும் கூடும், காது அமைதிக்குப் பழகிச் சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும்.

அப்படியானால் மரம் செடி எங்கே வருகிறது?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற தம்பதியர் கவனத்தை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, நாமே முயன்று ஒன்றில் குவிக்கும் கவனம். திருப்பூரில் நீங்கள் ரோட்டைத் தாண்டும்போது செலவாவது அது: பஸ் ஹாரன், குறுக்கே வரும் ஆட்டோ, பின்னால் வரும் பைக். எதைப் பார்க்க வேண்டும் என்பதைவிட எதை ஒதுக்க வேண்டும் என்பதற்கே மூளை அதிகம் உழைக்கிறது. மற்றது, நாம் முயலாமலே தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் கவனம். வாய்க்காலில் ஓடும் தண்ணீர், ஓலை அசைவு, வரப்பில் நடக்கும் கொக்கு. இவற்றைப் பார்க்கச் சக்தி செலவாவதில்லை, அந்த நேரத்தில் முதல் வகைக் கவனம் ஆறிக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து. அதே பல்கலைக்கழகத்தில் 2008-இல் இதைச் சோதித்தார்கள். மரத்தோட்டத்தில் நடந்து வந்தவர்கள், எண்களைத் தலைகீழாகச் சொல்லும் நினைவுத் தேர்வில் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். நகரத் தெருவில் நடந்தவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. எனக்கு இதில் பிடித்தது வேறொரு விஷயம். ஜனவரிக் குளிரில் நடந்தவர்கள் அந்த நடையை அவ்வளவாக ரசிக்கவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. ஆகவே, "எனக்கு இயற்கையெல்லாம் பிடிக்காது, நான் டவுன்காரி" என்றாலும் பாதகமில்லை.

1984-இல் ரோஜர் உல்ரிக் எழுதிய சின்ன ஆய்வும் உண்டு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை முடிந்த 46 பேரின் பதிவேடுகள். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். இவை எதுவும் மூளையதிர்ச்சி நோயாளிகளை வைத்துச் செய்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னங்காற்று மூளையை ஒட்டவைக்காது. மூளை தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. உங்களுக்கு உதவும் என்று நிரூபணமாகியிருப்பது அளவான நடை. அந்த நடையை அறிகுறி கிளறாமல் முடிக்கத் தோட்டத்தில் முடியும், பல்லடம் ரோட்டில் முடியாது.

இன்னும் இரண்டு லாபம் உண்டு, இவற்றை என்னிடம் வருகிறவர்களிடம் நேரிலேயே பார்த்திருக்கிறேன். கணினியைப் பார்க்க இரண்டு கண்ணையும் உள்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். தூரத்து மலையைப் பார்க்கும்போது கண்ணுக்கு அந்த வேலை இல்லை. அண்ணன் தோட்டத்திலிருந்து ஆனைமலைத் தொடர் தெரியும் இடம் ஒன்று இருக்கும், அந்தப் பக்கம் பார்த்து நடங்கள். அடுத்தது சமநிலை. மண்தரையில் நடக்கும்போது பாதம் ஒவ்வோர் அடியிலும் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மைனா கத்திய பக்கம் தலை திரும்புகிறது, கண் அதைத் தேடி நிற்கிறது. தலை திரும்ப, பார்வை நிலைக்க, உடம்பு சாயாமல் இருக்க என்று பிசியோதெரபிஸ்ட் அறைக்குள் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியின் பெரும்பகுதி இதுதான்.

சரி, எப்படி நடப்பது?

காலை ஆறரை, ஏழு மணிக்கு ஆரம்பியுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுவது தூக்கத்தின் நேரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும், உங்களுக்கு அது இப்போது முக்கியம். முதல் நாள் பத்து நிமிடம், சாயங்காலம் இன்னொரு பத்து. கிளம்பும் முன் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நடந்து முடித்ததும் எழுதுங்கள், ஒரு மணி நேரம் கழித்தும் எழுதுங்கள். மூன்றாக இருந்தது ஐந்துக்குள் நின்று, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் அந்த அளவு உங்களுக்குச் சரி. இரண்டு நாள் அப்படிப் போனால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஆறு, ஏழு என்று ஏறினாலோ, மதியம் வரை இறங்காவிட்டாலோ அடுத்த நாள் பழைய அளவுக்குப் போங்கள். நடையை மட்டும் நிறுத்தாதீர்கள். கொஞ்சம் வலி எட்டிப்பார்ப்பது காயம் பெரிதாவதன் அறிகுறி இல்லை. இதை நம்புவதுதான் நோயாளிகளுக்கு மிகக் கஷ்டமாக இருக்கிறது, ஆகவே எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன். அரைமணி நேரம் சிரமமில்லாமல் நடக்க வந்ததும், லேசாக மூச்சு வாங்குகிற அளவுக்கு வேகத்தைக் கூட்டுங்கள்.

இடமும் முக்கியம். தென்னந்தோப்புக்குள் வெயில் ஏறியபின் நடந்தால் ஓலை இடுக்கில் வெளிச்சம் விட்டுவிட்டு விழும். கண் கூசுபவர்களுக்கு அது டியூப்லைட் மினுக்குவதைப் போலத் தொந்தரவு செய்யும். வாய்க்கால் மேடு திறந்த, சமமான பாதை, அதில் போங்கள். விளிம்பு அகலமான தொப்பி போடுங்கள். கூலிங் கிளாஸை வெயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் போட்டால் கூச்சம் அதிகமாகும்.

தோட்டத்தின் ஆபத்துகளை அண்ணனுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குச் சொல்ல வேண்டும். தேறி வரும் மூளை இன்னொரு அடியைத் தாங்காது. கயிற்றுக் கட்டிலைத் தென்னைக்கு அடியில் போடாதீர்கள், காய் விழும், மட்டை விழும். வேம்போ புளியோ இருந்தால் அதன் நிழல் போதும். தலை சுற்றும் நாட்களில் கிணற்று மேட்டுக்குப் போகாதீர்கள், வாய்க்காலில் தனியாக இறங்கிக் குளிக்காதீர்கள். அண்ணனின் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து தோட்டம் சுற்றுவதும் இப்போதைக்கு வேண்டாம். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவே சொல்கிறது, சரியான பிறகும் அது இல்லாமல் ஏறாதீர்கள். அப்புறம், "இவ்வளவு தூரம் வந்துட்டு வால்பாறை போகாமலா" என்று யாராவது கிளப்புவார்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. உள்காது சரியில்லாத ஒருவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. குற்றாலமும் வேண்டாம், அருவியைத் தலையில் வாங்குவது கழுத்துக்கும் மண்டைக்கும் மறுபடி அடி வாங்குவதுதான். எண்ணெய் தேய்த்து யாராவது மெதுவாக வருடிவிட்டால் தப்பில்லை, கழுத்தைச் சொடுக்கெடுக்க மட்டும் விடாதீர்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராமம் என்றால் அமைதி என்று நம்பிப் போகாதீர்கள். ஆடி மாதம் வருகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயில் குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு ஆரம்பித்தால் சாளைக்குள்ளும் கேட்கும். மயில் அகவல் மிக்ஸிக்குச் சளைத்ததில்லை. நோம்பி (கோயில் திருவிழா) நாள் எப்போது என்று அண்ணனிடம் கேட்டு அதற்கேற்பக் கிளம்புங்கள். அதற்காகக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். பறவைச் சத்தம், தண்ணீர்ச் சத்தம், ஆட்கள் பேச்சு, பிறகு தூரத்து மோட்டார் என்று காது மெல்லப் பழகட்டும். குக்கர் விசிலுக்குத் திரும்பி வரும் வழி அதுதான்.

போனை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்தால் தோட்டத்துக்குப் போன பயனில்லை. நடக்கும்போது போன் சாளையில் இருக்கட்டும், ஆனால் யாராவது ஒருவர் கூட வரட்டும். முழுக்கத் திரையை விலக்கவும் வேண்டாம், நீங்கள் திரும்பிப் போக வேண்டியது கணினி முன்னால்தானே. இரண்டாவது வாரத்திலிருந்து லேப்டாப்பில் பத்து நிமிடம் கணக்குப் பாருங்கள், அதையும் அதே நோட்டில் மார்க் போட்டு எழுதுங்கள். வலி மாத்திரை எத்தனை என்பதையும் எழுதுங்கள். மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் சாதாரண வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்கவைக்கும்.

தனியாக ஒரு மாதம் போவதைவிட, இரண்டு வாரம் போதும் என்பது என் எண்ணம். குழந்தையையும், லீவு கிடைத்தால் சில நாள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எரிந்து விழுவதை எழுதும்போது உங்களுக்கு எவ்வளவு குற்றவுணர்ச்சி என்பது தெரிகிறது. அதுவும் அடிபட்டதன் ஒரு பகுதிதான். சத்தத்தை வடிகட்டவும் கோபத்தை அடக்கவும் அந்த ஒரே கவனம்தான் செலவாகிறது, பதினோரு மணிக்கே அது தீர்ந்துவிடுகிறது. காலை நடைக்கு மகனையோ மகளையோ கூட்டிப் போங்கள். நாளின் நல்ல நேரத்தில் குழந்தை உங்களோடு இருக்கட்டும். வாழ்வதே பாரமாகத் தோன்றும் எண்ணம் எப்போதாவது வந்தால், அதைத் தலைவலியைச் சொல்வதுபோலவே தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு சகஜம், சிகிச்சையும் உண்டு.

போவதற்கு முன் ஒரு நரம்பியல் மருத்துவரையோ மறுவாழ்வு மருத்துவரையோ பார்த்து, கழுத்து, கண், சமநிலை மூன்றையும் சோதிக்கக் கேளுங்கள். படுக்கையில் புரண்டால் அறை சுற்றுகிறதா என்று அவர் கேட்பார். அப்படிச் சுற்றினால் உள்காதிலுள்ள சிறு துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைச் சில கோணங்களில் திருப்பிவைத்து அந்த அறையிலேயே சரிசெய்யக்கூடிய விஷயம் அது, எத்தனை நாள் தோட்டத்தில் நடந்தாலும் தானாகப் போகும் என்று காத்திருக்கக் கூடாது. திரும்பி வந்ததும் நோட்டை அவரிடம் காட்டுங்கள். வேலைக்கு முழு நாளாகப் போகாமல், தினம் இரண்டு மணி நேரத்தில் தொடங்கும்படி கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். மதிய இடைவேளையில் கம்பெனி வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தாலும் அதன்கீழ் பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.